படுகையில் ரெண்டு செடி, படுகுழியில் ஒரு குடும்பம்!

தலையங்கம்

 

"ரெண்டு செடிதானே அண்ணே... கொள்ளிடக் கரையில நாணலுக்கு நடுவுல வெச்சா யாருக்குத் தெரியப் போவுது?"

டீக்கடை பெஞ்சிலும் பாலத்துக் கட்டையிலும் பையன்கள் இப்படிப் பேசிக்கொள்வது நம் காதுக்கும் வருகிறது. கஞ்சா வாங்கக் காசு இல்லை, வாங்கப் போனா மாட்டிக்குவோம், அதனால நாமளே வளர்த்துக்கலாம் என்று ஒரு கணக்கு. கையில் இருக்கிற செல்போன்தான் அதுக்கு வாத்தியார். அனுமதி உள்ள நாட்டுக்காரன் தன் வீட்டுத் தோட்டத்தில் நின்று சொல்லித் தருகிற வீடியோவைப் பார்த்துவிட்டு, நம்ம ஊர்ப் படுகையில் இடம் தேடுகிறான் நம்ம பிள்ளை.

அந்த வீடியோ சொல்லாததைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படிங்க. வீட்டில் இருக்கிற பிள்ளைக்கும் காட்டுங்க.

🔴 சட்டம் செடியை எண்ணுவதில்லை

1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அதாவது என்.டி.பி.எஸ். சட்டம், கஞ்சாவைக் கையில் வைத்திருந்தவனிடம் எடை பார்க்கிறது. 1 கிலோ வரை 'சிறிய அளவு'. அதற்கு 1 வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு'. 10 வருஷத்துக்குக் குறையாமல் 20 வருஷம் வரை கடுங்காவல். இது பலருக்குத் தெரியும்.

தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. செடி வளர்ப்பதற்கு இந்த எடைக் கணக்கே கிடையாது! அதே சட்டத்தின் 20-ஆவது பிரிவில் சாகுபடிக்குத் தனி உட்பிரிவு. 10 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு செடியா, ஒரு ஏக்கரா என்று அந்த வரி கேட்பதில்லை. எத்தனை வருஷம் என்பது நீதிபதி கையில். 'சொந்த உபயோகத்துக்குத்தான் ஐயா' என்று சொன்னால் சாகுபடி இல்லை என்று ஆகிவிடாது.

ஆக, 'வாங்கினா மாட்டிக்குவோம், வளர்த்தா தப்பிச்சுக்குவோம்' என்ற கணக்கு தலைகீழ்க் கணக்கு. ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டவனுக்கு உச்சம் 1 வருஷம். ஒரு தொட்டிச் செடியோடு பிடிபட்டவனுக்கு உச்சம் 10 வருஷம். இது போக, தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு குண்டர் சட்டம் போதைப்பொருள் குற்றவாளிகளுக்கும் பொருந்தும். அதில் போட்டால் 12 மாசம் வரை உள்ளே.

🔴 டெல்டாவில் ஏது மறைவிடம்?

மலைக்காட்டுக்காரன் சொல்கிற 'யாரும் வராத இடம்' நம்ம ஊரில் எங்கே இருக்கிறது? பொழுது விடியும் முன்னே மடை திறக்க ஒருத்தர் வரப்பில் நடப்பார். நடவு ஆட்கள், களை பறிக்கிறவங்க, எலி பிடிக்கிறவங்க, வாத்து மேய்க்கிறவங்க, அறுப்பு முடிந்தால் ஆட்டுக்கிடை போட ராமநாதபுரத்தில் இருந்து வருகிற கீதாரிகள்... இந்த மண்ணில் ஆள் கால் படாத சாண் நிலம் கிடையாது.

அப்படியும் மறைத்து வைக்கிறவன் தன் சொந்தக் கொல்லையில் வைப்பதில்லை. அடுத்தவர் கரும்புக்குள்ள, அடுத்தவர் வாழைத்தோப்புக்குள்ள, அடுத்தவர் தென்னந்தோப்பு ஓரத்துல வைக்கிறான். இங்கேதான் நம்ம உழவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? ஒருவர் சாகுபடி செய்த நிலத்தில் கஞ்சாச் செடி நின்று, அதற்கு அவரால் சரியான விளக்கம் தர முடியவில்லை என்றால், அவர்தான் குற்றம் செய்தார் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். இல்லை என்று காட்டும் பாரம் அவர் தலையில். 46-ஆவது பிரிவு, தன் நிலத்தில் கஞ்சா பயிராவது தெரிந்தும் தகவல் சொல்லாத நிலக்காரருக்குத் தண்டனை உண்டு என்கிறது. 47-ஆவது பிரிவு அரசு அலுவலர், ஊராட்சிப் பிரதிநிதி, கிராம அலுவலர் எல்லோருக்கும் அதே கடமையை வைக்கிறது.

ஒரு குத்தகை உழவரை நினைத்துப் பாருங்க. கோயில் நிலமோ, வெளியூர்க்காரர் நிலமோ, ஒன்றரை ஏக்கர். வாய்ப்பேச்சுக் குத்தகை, கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. படுகைக் கரும்புக்குள் எவனோ நட்ட நாலு செடி. மோட்டார் சைக்கிளில் வந்து நட்டவன் மோட்டார் சைக்கிளிலேயே போய்விட்டான். காவல் நிலையப் படி ஏறப் போவது யார்? கரும்பு போட்டவர். வக்கீல் செலவுக்குத் தாலிக்கொடியை அடகுக் கடைக்குக் கொண்டுபோகப் போவது யார்? அவர் வீட்டுக்காரம்மா.

அதனால், உங்க வயலில் சந்தேகமான செடியைப் பார்த்தால் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீங்க. கூட ரெண்டு பேரை வைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தகவல் கொடுங்க. நகலில் கையெழுத்து வாங்கிக்குங்க. 10581 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். அந்த ஒரு தாள்தான் நாளைக்கு உங்களைக் காப்பாற்றும்.

🔴 விளைந்த மண் என்ன ஆச்சு?

டெல்டா கஞ்சா விளைகிற மண் இல்லை. இங்கே விற்கிற சரக்கில் பெரும்பகுதி ஆந்திரா–ஒடிசா எல்லை மலையில் இருந்து ரயிலிலும் லாரியிலும் வருகிறது. கொஞ்சம் நம்ம கடற்கரை வழியாகக் கள்ளத் தோணியில் இலங்கைக்கும் போகிறது. வேதாரண்யம் கடற்கரைக்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

அந்த மலையில் நட்டது யார்? பெரும்பாலும் ஏழை ஆதிவாசி உழவர்கள். வியாபாரி முன்பணம் கொடுத்தான், விதை கொடுத்தான், விளைந்ததை அள்ளிக்கொண்டு போனான். 2021 கடைசியில் ஆந்திரப் போலீஸ் 'ஆபரேஷன் பரிவர்த்தனா' என்ற பெயரில் விசாகப்பட்டினம் ஏஜென்சிப் பகுதியில் இறங்கி, ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சாவை வெட்டி அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபல்லி அருகே சுமார் 2 லட்சம் கிலோவை ஒரே இடத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். அதே காலத்தில் நம்ம மாநிலத்திலும் 'கஞ்சா வேட்டை' நடந்தது. எரிந்தது அந்த உழவனின் உழைப்பு, வழக்கு வந்தது அந்த உழவனின் பேரில். முன்பணம் கொடுத்த வியாபாரி வேறு மலைக்கு, வேறு ஆளிடம் போயிருப்பான்.

நம்ம தேனிப் பக்கமே பாருங்க. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் முழுக்கத் திராட்சை காய்க்கிற பூமி. ஆனால் கம்பம் என்று சொன்னதும் வெளியூர்க்காரன் எதைச் சொல்லிச் சிரிக்கிறான்? மலையில் ஒரு சிலர் செய்த வேலைக்கு, தோட்டத்தில் வியர்வை சிந்துகிற ஊரே கெட்ட பேரைச் சுமக்கிறது. தஞ்சாவூர் என்றால் நெல், தலையாட்டிப் பொம்மை, வீணை. அந்தப் பேர் அப்படியே இருக்கட்டும்!

🔴 "சிவனோட மூலிகைதானே?"

இந்தக் கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். ஆமாம், கஞ்சா சித்த மருத்துவம் அறிந்த செடிதான். 1893-ல் வெள்ளைக்காரன் அமைத்த ஆணையம், முழுத் தடை வேண்டாம், கட்டுப்பாடு போதும் என்றுதான் அறிக்கை கொடுத்தது. இன்றைய சட்டத்திலேயே மாநில அரசு அனுமதி கொடுத்து மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் வளர்க்க வழி இருக்கிறது. உத்தரகாண்டில் போதைச் சத்து மிகக் குறைந்த ரகத்தை நாருக்காக உரிமம் வாங்கிப் பயிரிடுகிறார்கள். கனடா 2018-லும் ஜெர்மனி 2024-லும் பெரியவர்களுக்கு ஓரளவு அனுமதி கொடுத்தன. 2022-ல் திறந்துவிட்ட தாய்லாந்து, 2025-ல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது.

இதை எல்லாம் பேசலாம், பேச வேண்டும். சட்டமன்றத்தில், நாடாளுமன்றத்தில், மருத்துவர்களை உட்கார வைத்துப் பேசலாம். ஆனால் சட்டம் மாறுகிற வரைக்கும் ஜெர்மனிக்காரனின் உரிமை திருவையாற்றுப் பையனுக்குச் செல்லாது. அனுமதி கொடுத்த நாடுகளும் பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. விடலை வயதில் தொடங்கி விடாமல் புகைக்கிறவர்களுக்கு நினைவும் படிப்பும் மங்குவதையும், மனநோய் வரும் ஆபத்து கூடுவதையும் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மூலிகைன்னா மருந்து. மருந்துன்னா அளவும் வைத்தியரும் வேணும்.

🔴 சிங்கப்பூர் டிக்கெட் கிழிஞ்சிடும்

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர் பக்கம் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ ஆள் போகாத தெரு உண்டா? பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும். ஒரு கஞ்சா வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தக் கனவு அங்கேயே நின்றுவிடும். அரசு வேலையும் அப்படித்தான்.

போன இடத்திலும் 'ரெண்டு இலைதானே' என்ற பழக்கத்தோடு இருந்தால்? சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு. 2023 ஏப்ரலில் தங்கராஜு சுப்பையா என்ற தமிழரை அங்கே தூக்கில் போட்டார்கள். 1 கிலோவுக்குச் சற்று அதிகமான கஞ்சாவைக் கடத்த உடந்தை என்பது வழக்கு. உலகமே கேட்டும் நிற்கவில்லை.

🔴 விரலை நம்ம பக்கமும் திருப்புவோம்

ஊரைக் குறை சொல்லிவிட்டு நாம ஒதுங்கிவிட முடியாது. சின்னப் பையன் பிடிபட்டால் உள்ளே போகிறான். மொத்த வியாபாரி பிடிபட்டால் கரை வேட்டி ஒன்று காவல் நிலைய வாசலில் நிற்கிறது. எந்தக் கட்சியாக இருந்தாலும் இது நடக்கிறது. நம்ம கட்சிக்காரர் யாரும் கஞ்சா வியாபாரிக்காகச் சிபாரிசுக்குப் போகக் கூடாது. போனால் அவருக்குக் கட்சியில் இடம் கூடாது. இதை வெளிப்படையாகவே எழுதுகிறோம். பார்த்தால் கேளுங்க.

காவல்துறைக்கும் ஒரு வார்த்தை. 'கஞ்சா கேஸ் போட்டுடுவேன்' என்பது மிரட்டும் ஆயுதமாக இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் இருந்து போன தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாகச் சொன்னது: இந்தச் சட்டத்தில் விசாரணை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. பொய் வழக்கு ஒவ்வொன்றும் உண்மை வியாபாரிக்குத்தான் உதவி.

🔴 வயல் சோறு போட்டால்...

கடைசியாக, ஆணிவேர். 2018 கஜா புயலில் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. 2023-ல் காவிரித் தண்ணி பத்தாமல் குறுவை கருகியது. 2025 அக்டோபர் மழையில் அறுத்த நெல் கொள்முதல் நிலைய வாசலிலேயே நனைந்து முளைத்தது. அந்தப் பருவத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த ஆதரவு விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,369 ரூபாய். அதையும் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் வாங்க மாட்டோம் என்கிறார்கள். அப்பா மூட்டையோடு பத்து நாள் காத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்கிற பையனிடம், ஒருத்தன் வந்து 'சுலபமா காசு' என்று சொன்னால் காது கொடுக்கத்தான் செய்வான். அது அவன் தப்பு மட்டும் இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகள்:

▪ கையில் பொட்டலம் வைத்திருந்த பையனைக் கணக்குக் காட்டுவதை விட்டுவிட்டு, முன்பணம் போடுகிற மொத்த வியாபாரியைப் பிடியுங்கள்.

▪ அடுத்தவன் நட்ட செடிக்குக் குத்தகை உழவரைப் பலியாக்காதீர்கள். தானே முன்வந்து தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு இல்லை என்று மாவட்ட நிர்வாகம் எழுத்தில் அறிவிக்கட்டும். குத்தகைப் பதிவையும் முறைப்படுத்தட்டும்.

▪ வட்ட மருத்துவமனை தோறும் போதை மீட்பு ஆலோசகர் வேண்டும். பழக்கத்தில் சிக்கி, உட்கொண்டதற்கோ சிறிய அளவுக்கோ வழக்கு வாங்கியவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால் வழக்கில் இருந்து விலக்குப் பெற 64-ஏ பிரிவு வழி தருகிறது. இதை எத்தனை பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறீர்கள்?

▪ அறுத்த நெல்லை உடனே எடுங்கள். மூடிய கிடங்கும் உலர்த்தும் எந்திரமும் கொடுங்கள்.

தாய்மார்களே, பிள்ளை தடுமாறுகிறான் என்று தெரிந்தால் அடிக்காதீங்க, மறைக்காதீங்க. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. 14446 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.

தம்பிகளே, உங்க கையில் விதை இருக்கிறது என்றால் நாத்தங்காலில் தெளியுங்க. அதை யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை. பட்டப்பகலில், ஊர் பார்க்க, நிமிர்ந்து நின்று அறுக்கலாம்.

பகிருங்கள். பக்கத்து வீட்டுக்கும் படித்துக் காட்டுங்கள்.

#நெல்_மண்_காப்போம் #போதையில்லா_டெல்டா