சுவர் எழுப்பிட்டா அடையாறு அடங்கிடுமா?

வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஒரே பேச்சுதான். "ஆத்துக்கு ரெண்டு பக்கமும் காங்கிரீட் சுவர் எழுப்பிடணும் சார், அப்பத்தான் நிம்மதி." நானும் ரொம்ப நாளா அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். இப்ப அந்த நம்பிக்கை போயிடுச்சு. ஏன்னு சொல்றேன்.

2015 வெள்ளம்னாலே நமக்கு செம்பரம்பாக்கம்தான் ஞாபகம் வரும். ஆனா செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாத்துல சேர்றது திருநீர்மலை கிட்ட. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதுக்கு மேல்பக்கம் இருக்கு. இங்க ஊருக்குள்ள புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் மாதிரி ஏரிகள் நிரம்பி வழிஞ்ச தண்ணி. போதாததுக்கு, 2015 டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல மட்டும் 49 செ.மீ. மழை.

அதுக்கப்புறம் வேலையே நடக்கலைன்னு சொல்ல மாட்டேன். ஆத்தை அகலப்படுத்தினாங்க, கரையை உயர்த்தினாங்க. ஆனாலும் 2021 நவம்பர்லயும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் இந்தப் பக்கம் மறுபடி தண்ணி நின்னுச்சு. உடனே மறுபடியும் "சுவர், சுவர்"!

கரை எப்படி இடியுதுன்னு முதல்ல பார்ப்போம். பெரும்பாலும் அது மேலேர்ந்து இடியறதில்லை. ஓடற தண்ணி கரையோட காலை, அதாவது அடிப்பாகத்தை, அரிச்சுடும். மேல்மண் பிடிமானம் இல்லாம தொங்கும். வெள்ளம் இருக்கற வரைக்கும் தண்ணியே அதுக்கு முட்டுக் கொடுக்கும். வெள்ளம் சட்டுனு வடிஞ்சதும், ஊறிப்போய் கனத்த மண்ணு பொத்துனு சரியும். "மழைதான் விட்டுடுச்சே, இப்ப போய் கரை இடியுதே"ன்னு ஆச்சரியப்படறோமே, காரணம் இதுதான்.

இன்னொண்ணு, தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா, மண்ணை அரிக்கிற விசை ஏறக்குறைய நாலு மடங்காகும். வழவழன்னு நேரா ஒரு சுவர் கட்டினா தண்ணி அங்க இன்னும் வேகமா ஓடும். சுவர் முடியற இடத்துல இருக்கற மண்கரைதான் அந்த அடியை வாங்கணும். நம்ம தலைவலியை அடுத்த ஊர்க்காரன் தலையில கட்டறோம், அவ்வளவுதான். அது மட்டுமில்ல, தெருவுல பெய்யற மழை ஆத்துக்குள்ள போக வழி விடலைன்னா, அதே சுவர் நம்ம தண்ணியை நம்ம வீட்டுக்குள்ளயே தேக்கும்.

அப்ப என்னதான் செய்யலாம்? முதல்ல காலைக் காப்பாத்தணும். பெரிய பாறாங்கல்லைப் போடலாம், இல்லைன்னா கம்பிவலைப் பெட்டியில கல்லை அடைச்சு அடுக்கலாம். அதுக்கு மேல கரையை செங்குத்தா நிறுத்தாம சரிவா வெட்டி, வெட்டிவேர் நடலாம். அதோட வேர் மூணு மீட்டருக்கு நேரா கீழ இறங்கி மண்ணைப் பிடிச்சுக்கும். ஏரிக்கரையில பனைமரம் வச்ச நம்ம பாட்டன்மாருக்கு இதைப் புதுசா சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பாலத்துக்குப் பக்கத்துலயும், ஆறு சட்டுனு திரும்பற இடத்துலயும் சுவர் வேணும்தான். அங்க மட்டும் கட்டட்டும்.

சிங்கப்பூர்ல பீஷான் பூங்கா ஓரமா 2.7 கி.மீ. நீளத்துக்கு நேரா ஓடின கல்லாங் ஆத்து காங்கிரீட் கால்வாயை உடைச்சு, 3.2 கி.மீ. வளைஞ்சு ஓடற ஆறா மாத்தி 2012ல திறந்தாங்க. கல்லையும் செடியையும் வச்சுதான் கரையைப் பிடிச்சு நிறுத்தியிருக்காங்க. சுவர் கட்டி ஆண்ட ஊரே சுவரை உடைக்குது, நாம கட்டணும்னு நிக்கறோம்.

சுவர் ஏன் நமக்கு இவ்வளவு பிடிக்குதுன்னா, அது இடம் கேக்காது. சரிவான கரை இடம் கேக்கும். அந்த இடத்துல நம்ம மனையும் ரோடும் இருக்கு. ஆத்துக்கிட்டேர்ந்து எடுத்ததைத் திருப்பிக் குடுக்க மனசில்லாமதான் சுவர் கேக்கறோமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

அதனால அடுத்த தடவை மனு குடுக்கும்போது "சுவர் வேணும்"னு மட்டும் எழுதாதீங்க. ஏரியைத் தூர் வாரணும், கலங்கலையும் மதகையும் மழைக்கு முன்னாடி சரி பண்ணணும், ஆத்துக்கு அகலம் விடணும், கரைக்குக் கால் கட்டணும்னு எழுதுங்க. காலை விட்டுட்டு தலையை மட்டும் கட்டினா எந்தக் கரையும் நிக்காது.

சிங்கப்பூர் பதிவர்கள் யாராவது அந்தப் பக்கம் போயிருந்தா, பெருமழையில அந்தக் கரை எப்படி நிக்குதுன்னு வந்து சொல்லுங்க.