ஊசி ஏறுது, வண்டி ஏறலை

சில வாரங்களுக்கு முன் ஒரு காலை நேரம். மார்சிலிங்கிலிருந்து வேலைக்குக் கிளம்பி, புக்கிட் தீமா விரைவுச்சாலை ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போனது. அதைத் தாண்ட வலப்பக்கத் தடத்துக்கு மாறி, ஆக்சிலரேட்டரைத் திருகினேன். இன்ஜின் உறுமியது. ஆர்பிஎம் ஊசி 5,000லிருந்து 7,000க்குத் துள்ளியது. வேகம் மட்டும் 70ஐ விட்டு அசையவில்லை. பின்னால் வேகமாக வந்த கார் நீளமாக ஹார்ன் அடித்துவிட்டு விலகிப் போனது. எனக்கு வியர்த்துவிட்டது.

என் வண்டி ஹோண்டா சூப்பர் ஃபோர், 400 சிசி. அப்பா 2002ல் வாங்கியது. அன்று மாலையே உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையில் எனக்குத் தெரிந்த பட்டறைக்கு ஓட்டிப் போனேன், பயந்து பயந்து. அங்கே வேலை பார்க்கும் அண்ணன் தினமும் ஜோகூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்துபோகிறவர். நான் சொல்லி முடிப்பதற்குள், “ஊசி ஏறுது, வண்டி ஏறலை. அப்படித்தானே? கிளட்ச் ஸ்லிப் ஆகுது தம்பி” என்றார்.

கிளட்ச் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. இட்லித் தட்டுகளை அடுக்கி வைத்தாற்போல, உராய்வுத் தட்டும் இரும்புத் தட்டும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டு, எண்ணெயில் நனைந்தபடி இருக்கும். உராய்வுத் தட்டுகள் இன்ஜினோடு சுற்றும். இரும்புத் தட்டுகள் கியர் பெட்டியோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பதால்தான் இன்ஜினின் பலம் பின்சக்கரத்துக்குப் போகிறது. லீவரை அழுத்தினால் அந்தப் பிடி விடும். நாம் அழுத்தாதபோதும் பிடி விட்டால், அதுதான் சறுக்கல்.

உடனே கழற்றிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ ஸ்பேனரைத் தொடவே இல்லை. இடது கைப்பக்க லீவரை விரலால் ஆட்டிப் பார்த்தார். “நுனி கொஞ்சம்கூட ஆடலையே. யாரு இவ்ளோ டைட் பண்ணுனது?”

நான்தான். லீவர் ‘லூசாக’ இருப்பது பிடிக்காமல் கம்பியை இறுக்கியிருந்தேன். இந்த வண்டிக்கு லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட இடம் இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால், யாரோ லீவரை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டே இருப்பதற்குச் சமம். கம்பியைத் தளர்த்திக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஓட்டிப் பார்த்தேன். கொஞ்சம் தேவலாம், ஆனால் ஏற்றத்தில் மறுபடியும் சறுக்கியது.

அடுத்த கேள்வி: “எந்த எண்ணெய் ஊத்துனீங்க?” நண்பரின் காருக்கு வாங்கியதில் மீதியிருந்ததை ஊற்றியிருந்தேன். நல்ல விலை உயர்ந்த எண்ணெய்தான். ஆனால் எரிபொருள் சிக்கனத்துக்காகத் தயாராகும் பல கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. காரின் கிளட்ச் இன்ஜின் எண்ணெயில் நனைவதில்லை என்பதால் அதற்குப் பாதகமில்லை. நம் வண்டியில் இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே எண்ணெய். உராய்வை நம்பி வாழும் தட்டுகளுக்கு அது ஆகாது. போத்தலின் பின்பக்கம் ‘ஜாசோ எம்ஏ’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். ‘எம்பி’ என்று இருந்தால் அது பெரும்பாலும் ஸ்கூட்டருக்கானது.

எண்ணெயை மாற்றி இரண்டு நாள் ஓட்டினேன். காலையில் சரியாக இருந்தது. இன்ஜின் சூடேறியதும் பழைய கதைதான்.

மூன்றாவது முறை போனபோதுதான் வலப்பக்க மூடியைக் கழற்றினார். கருகிய வாடை வந்தது. உராய்வுத் தட்டுகள் கண்ணாடிபோல் வழவழத்துக் கிடந்தன. இரும்புத் தட்டுகளில் இரண்டு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. “வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜேபி போவீங்களா?” என்று கேட்டார். மாதம் இரண்டு முறை போவேன். “கியர்ல போட்டுக்கிட்டு, பாதி கிளட்ச்ல ஊர்ந்துக்கிட்டே இருப்பீங்க. நானும் அந்த வரிசையிலதான தினமும் நிக்கிறேன். பாதிப் பேரு அப்படித்தான்.”

கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். நெரிசலில் அதைக் கடக்க ஒரு மணி நேரம்கூட ஆகும். அவ்வளவு நேரமும் தட்டுகள் முழுதாகச் சேராமலும் முழுதாகப் பிரியாமலும் தேய்ந்து சூடேறுகின்றன.

உராய்வுத் தட்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் புதிதாகப் போட்டார். மற்ற இரும்புத் தட்டுகளைக் கண்ணாடிமேல் வைத்து, வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். நீலம் பாய்ந்த இரண்டையும் மாற்றினார். புதிய உராய்வுத் தட்டுகளை முதலில் எண்ணெயில் ஊறவைத்தார். காய்ந்தபடி மாட்டினால் முதல் நாளே கருகுமாம். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். புது கேஸ்கட், புது எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 240 வெள்ளி.

“இந்த வண்டிக்கா இவ்வளவு செலவு?” என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2003 ஜூலை 1க்கு முன் சாதாரணப் பதிவு பெற்ற மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு நம் சாலைகளில் ஓட முடியாது. முன்கூட்டியே பதிவை நீக்கியவர்களுக்கு அரசாங்கம் 3,500 வெள்ளி வரை கொடுத்தது. அந்தச் சலுகை 2023 ஏப்ரலோடு முடிந்தது. அப்பா அப்போது வேண்டாம் என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

ஆனால் செலவு செய்யாமல் இன்னும் சில மாதம் சமாளிக்கலாம் என்று நான் நினைத்திருந்தால், மறுபடியும் ஒரு லாரியின் பக்கத்தில், பின்னால் கார் நெருங்கும்போது, வண்டி என்னைக் கைவிட்டிருக்கும். நாள் எண்ணப்படும் வண்டி என்பதற்காக அதில் ஏறுகிறவனின் நாளையும் எண்ண முடியாதல்லவா?

உங்கள் வண்டியிலும் ஊசி மட்டும் ஏறினால், முதலில் லீவரை ஆட்டிப் பாருங்கள். பிறகு எண்ணெயைப் பாருங்கள். அதன் பிறகும் சறுக்கினால் தட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தள்ளிப்போட மட்டும் வேண்டாம்.

சென்ற வெள்ளிக்கிழமை கடற்பாலத்தில் வழக்கம்போல் வரிசை நின்றது. நியூட்ரலில் போட்டு, இடது கையை லீவரிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டேன். முன்னால் நல்ல இடைவெளி விழுந்த பிறகே கியர் போட்டேன். பின்னால் ஒருவர் பொறுமையிழந்து ஹார்ன் அடித்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.