வெற்றுக் கோப்புறையும் விளக்கக் கடமையும்

2025 ஏப்ரலில் வெளியான பாதுகாப்புப் புதுப்பிப்பை ஏற்ற விண்டோஸ் 11 கணிப்பொறிகள் பலவற்றில், ‘சி’ வட்டில் ‘ஐநெட்பப்’ என்னும் வெற்றுக் கோப்புறை ஒன்று தோன்றியது. வலைச் சேவையகம் நடத்துவோர்க்கன்றிப் பிறர்க்கு அப்பெயர் புதிது. ஆதலின் சிலர் அதனைக் குப்பையெனக் கருதி நீக்கினர். அது பாதுகாப்பை வலுப்படுத்தவே அமைக்கப்பட்டதென்றும், நீக்கலாகாதென்றும் மைக்ரோசாஃப்ட் பின்னரே விளக்கியது. நீக்கியோர், விண்டோஸ் அம்சங்களில் ‘ஐஐஎஸ்’ கூறினை இயக்கி அதனை மீண்டும் பெறலாம்.

பள்ளியிலும் கள அலுவலகத்திலும் ஒரே பொறியைப் பலர் கையாளுகின்றனர். அறியாத கோப்பை ஆராயாது அழித்தல் அங்குத் தகாது. ஆயினும், பிறர் பொறியில் ஒன்றை வைப்போர் அதன் காரணத்தை முன்னரே எளிய மொழியில் உரைத்தல் அதனினும் தலையாய கடமையாகும். விளக்கமற்ற காவல் ஐயத்தையே வளர்க்கும்.