ஒரு ட்ரக்கின் பற்றரியில் மூன்று கார்



முதல் கார் வாங்குகிற வயசுக்கு எங்களில் கன பேர் வந்திட்டம். அதனால கூட்டம் முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் இப்ப அடிக்கடி வாற கேள்வி இது: மின்சார வாகனம்தான் எடுக்கிறதெண்டால் பிக்கப் எடுக்கிறதா, சின்னக் கார் எடுக்கிறதா? "ரெண்டும் பெற்றோல் குடிக்காது, பிறகென்ன?" என்று கேட்கிறவர்களும் இருக்கினம். இதை அவரவர் விருப்பம் என்று விட்டுவிட முடியாது என்பது என் கருத்து. பற்றரி பங்கிட வேண்டிய பொருள். யாருக்கு எவ்வளவு பங்கு என்பது அரசியல்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஷெவர்லே போல்ட் என்ற சின்னக் காரின் பற்றரி சுமார் 65 யூனிட் மின்சாரம் கொள்ளும். ஃபோர்ட் எஃப்-150 லைட்னிங் பிக்கப்பின் பெரிய பற்றரி 131 யூனிட். ஜிஎம்சி ஹம்மர் பிக்கப்பில் 200க்கும் மேல். ஒரு ஹம்மரின் பற்றரியில் மூன்று போல்ட் ஓடும். அந்த ஹம்மர் 4 தொன்னுக்கு மேல் நிறை. பற்றரி மட்டுமே சுமார் 1,300 கிலோ, ஏறக்குறைய ஒரு ஹொண்டா சிவிக் காரின் நிறை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபைத் தலைவர் ஜெனிஃபர் ஹொமண்டி 2023 ஜனவரியில் இந்த ஒப்பீட்டைச் சொல்லித்தான் எச்சரித்தார். வாகனத்தின் நிறை கூடக் கூட, அதோடு மோதுப்படுகிறவர்களுக்கு ஆபத்தும் கூடும்.

ஓட்டச் செலவும் அப்படித்தான். 100 கிலோமீற்றர் ஓட போல்ட்டுக்கு ஏறக்குறைய 18 யூனிட் வேணும், லைட்னிங்குக்கு 30, ஹம்மருக்கு 40க்கும் மேல். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் இரவு பத்து மணித்தியாலம் போட்டால் கிட்டத்தட்ட 14 யூனிட் ஏறும். போல்ட்டுக்கு அது 75 கிலோமீற்றர். ஸ்காபரோவில் இருந்து டவுன்ரவுனுக்கு வேலைக்குப் போய் வந்தாலும் மிச்சம் இருக்கும். ஹம்மருக்கு அதே இரவு 35 கிலோமீற்றர்கூடத் தராது. ஆகவே பெரிய ட்ரக் வைத்திருக்கச் சொந்த வீடு, சொந்த டிரைவ்வே, 240 வோல்ட் சார்ஜர் எல்லாம் வேணும். மாடிக் கட்டடங்களில் வாடகைக்கு இருக்கிற எங்கட சனத்தில் கன பேருக்குக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பிளக்கே இல்லை.

சரி, அப்ப சின்னக் காரை ஏன் காணேல்லை? போல்ட்டின் கதையைப் பாருங்கோ. 2023இல் அது அமெரிக்காவில் 27,000 டொலருக்கும் குறைவாகக் கிடைத்தது. அந்த டிசம்பரிலேயே ஜெனரல் மோட்டர்ஸ் அதை நிறுத்தியது. மிச்சிகனில் உள்ள ஓரியன் ஆலையை மின்சாரப் பிக்கப் செய்வதற்காக மாற்றவேணும் என்றார்கள். அந்த மாற்றம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் 2025 ஜூனில் வந்த அறிவிப்பு: 2027இல் இருந்து அந்த ஆலையில் பெற்றோல் பிக்கப்பும் பெற்றோல் எஸ்யூவியும் செய்யப்படும்! சின்னக் காரை நிறுத்தினது மின்சார ட்ரக்குக்காக. கடைசியில் வரப்போவது பெற்றோல் ட்ரக். போல்ட் இப்ப கன்சாஸ் ஆலையில் திரும்ப வருகுது, அதுவும் கொஞ்சக் காலத்துக்கு மட்டும்தானாம்.

ஒன்ராறியோவிலும் இதே கதைதான். ஓக்வில் ஃபோர்ட் ஆலையில் மின்சார வாகனம் செய்ய மத்திய அரசும் மாகாண அரசும் 2020இல் 59 கோடி டொலர் தருவதாகச் சொல்லின. 2024 ஜூலையில் ஃபோர்ட் திட்டத்தை மாற்றியது. 2026இல் இருந்து அங்கே சூப்பர் டியூட்டி என்ற பெரிய பிக்கப் வரும் என்று அறிவித்தது. "ட்ரக்கை எதிர்த்தால் தொழிலாளியின் வேலை போகும்" என்று எங்களுக்குச் சொல்லுகினம். ஓக்வில் தொழிலாளர்கள் ஆலை மூடிக் கிடந்த காலத்தில் வீட்டில் இருந்ததற்குக் காரணம் சின்னக் கார் கேட்டவர்கள் இல்லை. எதில் லாபம் கூட என்று முதலாளி யோசித்து யோசித்து மாற்றினதுதான் காரணம்.

சட்டங்களும் பெரிய வாகனத்தின் பக்கம்தான் சாய்ந்திருக்கு. அமெரிக்க எரிபொருள் விதிகளில் வாகனம் எவ்வளவு பெரிசோ, எட்டவேண்டிய இலக்கு அவ்வளவு இலகு. கனடா தன் விதிகளையும் அதோடு ஒட்டியே வைத்தது. 2022 ஏப்ரலில் இருந்து கனடாவின் மானியத்துக்கு விலை வரம்பு காருக்கு 55,000 டொலர், பிக்கப்புக்கும் எஸ்யூவிக்கும் 60,000. அமெரிக்காவில் காருக்கு 55,000, ட்ரக்குக்கு 80,000. பொதுக்காசு கூட விலைக்காரருக்கும் போகத்தக்கதாகக் கதவைத் திறந்து வைத்தார்கள். இரண்டு திட்டங்களும் 2025இல் நின்றன. அடுத்த திட்டங்களில் இந்தக் கதவு திறந்திருக்கக் கூடாது.

பற்றரி எங்கிருந்து வருகுது என்பதையும் பேசவேணும். வட ஒன்ராறியோவின் 'ரிங் ஒஃப் ஃபயர்' பகுதியை நிக்கலுக்காகத் தோண்டத் துடிக்கிறார்கள். அது ஒப்பந்தம் 9இல் அடங்கும் முதற்குடி மக்களின் நிலம். அங்கே நெஸ்கன்டாகா மக்கள் 1995இல் இருந்து தண்ணியைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டியிருக்கு. அவர்களுக்குக் குடிதண்ணி கொடுக்க முப்பது வருசமும் காணேல்லை, ஆனா மாகாண அரசு 2025 ஜூனில் சட்டமூலம் 5ஐ மட்டும் கிழமைக் கணக்கில் நிறைவேற்றியது. அதன்படி 'விசேட பொருளாதார வலயம்' என்று அறிவிக்கிற இடத்தில் மாகாணச் சட்டங்களை ஒதுக்கி வைக்கலாம். 'அபிவிருத்தி' என்ற பெயரில் காணி பறிபோவதைப் பார்த்த சனம் நாங்கள். இந்தச் சொற்களின் அர்த்தம் எங்களுக்குத் தெரியும். சின்னக் காருக்கு நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத இரும்புப் பொஸ்பேற் பற்றரியே காணும். 2027 போல்ட் அப்படித்தான் வருகுது.

இனி எதிர்வாதம். கூரை வேலை, பெயின்ற் வேலை, தோட்ட வேலை செய்கிற எங்கட ஆக்களுக்கு ட்ரக் தேவை. லைட்னிங்கில் இருந்து 9.6 கிலோவாட் வரை எடுத்து ஆயுதங்களை ஓட்டலாம், கரண்ட் போனால் வீட்டுக்கும் கொடுக்கலாம். இது உண்மையான பயன். ஆனா பாரமான ரெயிலரை இழுத்தால் ஓடக்கூடிய தூரம் பாதியாகவோ அதுக்கும் கீழேயோ விழும். கன வேலைக்கு ஒரு வான் காணும். தொழிலுக்கு ட்ரக் ஓட்டுகிற மாமாவோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஒராளை ஏற்றிக்கொண்டு அலுவலகம் போய் வாற வெறும் ட்ரக்குக்கு ஊர் ஏன் இடமும் காசும் கொடுக்கவேணும் என்பதுதான் கேள்வி. முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனம் நடந்து போறவரை மோதினால், அவர் சாகும் வாய்ப்பு தாழ்ந்து சரிந்த முன்பக்கமுள்ள வாகனத்தைவிட சுமார் 45 வீதம் கூட. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனத்தின் 2023 ஆய்வு சொல்வது இது. மின்சாரம் அந்த உயரத்தைக் குறைக்காது.

அப்ப என்ன கேட்பது? மூன்று விசயம்.

ஒன்று, நிறைக்கேற்ற கட்டணம். நோர்வே 2023 ஜனவரியில் இருந்து மின்சாரக் காருக்கும் 500 கிலோவுக்கு மேலான ஒவ்வொரு கிலோவுக்கும் வரி எடுக்குது. பரிசில் 2024 பெப்ரவரியில் மக்கள் வாக்களித்து, வெளியில் இருந்து வாற பாரமான வாகனங்களின் தரிப்பிடக் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள். 2 தொன்னுக்கு மேற்பட்ட மின்சார வாகனமும் அதில் அடக்கம். ரொறன்ரோ மாநகரசபையும் 2010 வரை வாகனத்துக்கு வருசம் 60 டொலர் எடுத்தது. அந்த அதிகாரம் இப்பவும் அதனிடம் இருக்கு. மாகாணமோ 2022 மார்ச்சில் இலக்கத்தகட்டுக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. தொழில் வாகனங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விலக்குக் கொடுத்து, மிச்சப் பேரிடம் நிறைப்படி வாங்கலாம்.

இரண்டு, வாடகை மாடிக் கட்டடங்களில் ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் சாதாரண பிளக். சின்னக் காருக்கு அது காணும்.

மூன்று, பேருந்து முதலில். 2023 ஜூலை 24ஆம் திகதி தடம் புரண்ட ஸ்காபரோ ஆர்டி திரும்ப ஓடவே இல்லை. அந்தச் சனம் இன்றைக்கும் பஸ்ஸுக்கு நிற்குது. இரண்டு மூன்று ஹம்மரின் பற்றரி இருந்தால் ஒரு மின்சாரப் பேருந்து ஓடும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான சனம் அதில் போகும்.

2026 அக்டோபர் 26 ஒன்ராறியோவில் உள்ளூராட்சித் தேர்தல். கோயிலுக்கும் கடைக்கும் வாக்குக் கேட்டு வாற வேட்பாளரிடம் இந்த மூன்றையும் கேளுங்கோ. நிறைக்கட்டணத்துக்கு ஆம் என்கிறாரா, இல்லை என்கிறாரா என்பதை எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ. ஒஸ்லோ, பரிஸ் தோழர்களே, உங்கட ஊரில் இது நடைமுறைக்கு வந்த பிறகு எங்கட சனம் என்ன சொல்லுது என்று நீங்களும் எழுதுங்கோ. அந்தப் பதில்களை அடுத்த இதழில் தொகுத்துத் தாறோம்.

தோழமையுடன்,
ஆசிரியர்