கட்டி எங்கே முடிகிறது?



தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி ஜி.ஹெச்.சுக்கு (சென்னை அரசு பொது மருத்துவமனைக்கு) ஓடிய குடும்பங்கள் நம் பகுதியில் ஏராளம். அங்கேதான் 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை, நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். சி.டி., எம்.ஆர்.ஐ. எதுவும் இல்லாத காலம். இன்று குரோம்பேட்டையிலும் பெரும்பாக்கத்திலும் பெரிய மருத்துவமனைகள் வந்துவிட்டன. ஆனாலும் டாக்டர்களின் பழைய கவலை ஒன்று இன்னும் முழுதாகத் தீரவில்லை.

கிளையோமா வகை மூளைக் கட்டிக்குத் தெளிவான ஓரம் கிடையாது. கட்டியும் நல்ல மூளையும் சாதாரண வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரியும். கூடுதலாக எடுத்தால் பேச்சு போகலாம், கை கால் விழலாம். மிச்சம் வைத்தால் சீக்கிரமே வளர்ந்துவிடும்.

இதற்கு உதவ வந்ததுதான் 5-ஏ.எல்.ஏ. என்ற மருந்து. மயக்க மருந்து கொடுப்பதற்குச் சுமார் 3 மணி நேரம் முன்னால், உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தருவார்கள். ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமைத் தயாரிக்க நம் உடலே பயன்படுத்தும் பொருள் இது. கட்டிச் செல்களிலோ வேலை பாதியில் நின்று, புரோட்டோபோர்ஃபிரின் என்ற பொருளாகத் தேங்கிவிடுகிறது. மைக்ரோஸ்கோப்பில் நீல விளக்கைப் போட்டதும் நல்ல மூளை நீலமாகவே இருக்க, கட்டி செக்கச்செவேலென்று ஒளிர்கிறது. ஓரங்களில் வெளிர் ரோஜா நிறம்.

ஜெர்மனியில் வால்டர் ஸ்டம்மர் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையில் 65 சதவீதம் பேருக்கு, ஸ்கேனில் ஒளிரும் கட்டியை முழுதாக எடுக்க முடிந்தது. வழக்கமான முறையில் 36 சதவீதம்தான். இது நோயைக் குணமாக்கிவிடாது. ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சும் மருந்தும் வேண்டும். வீரியம் குறைந்த கட்டிகள் பெரும்பாலும் ஒளிர்வதுமில்லை. பேச்சுக்கான இடம் எது என்பதையும் இந்த ஒளி காட்டாது. அதற்காகத்தான் சிலரை விழித்திருக்கச் செய்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஆபரேஷன் செய்கிறார்கள்.

5-ஏ.எல்.ஏ. விலை அதிகம். கண் டாக்டர்கள் விழித்திரையைப் படமெடுக்க ஊசியில் ஏற்றும் ஃபுளோரசின், இதைவிட மிகவும் மலிவான மாற்று. 1940-களிலேயே அமெரிக்காவில் ஜார்ஜ் மூர் அதை மூளைக் கட்டிக்குப் பயன்படுத்தினார். ஆனால் ரத்தக்குழாய் கசியும் இடமெல்லாம் அது பரவும் என்பதால், கட்டியை மட்டும் பிரித்துக் காட்டுவதில் 5-ஏ.எல்.ஏ. அளவுக்கு நம்ப முடியாது.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த ஆபரேஷன் என்றால், எந்தச் சாயம், ஏன், எவ்வளவு செலவு என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். 5-ஏ.எல்.ஏ. குடித்தவருக்கு ஒருநாளாவது வெயிலும் பளிச்சென்ற விளக்கும் ஆகாது. பார்க்க வருகிறவர்கள் ஜன்னல் திரையை விலக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிகிச்சையைக் கடந்து வந்த குடும்பங்கள் எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்