செருப்புக்கு டோக்கன் உண்டு, ஹெல்மெட்டுக்கு?



இன்று ஹெல்மெட் பற்றி எழுதுகிறேன். "டீச்சர் ரிட்டயர் ஆகியும் விடமாட்டேங்கிறாங்களே" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. ஹெல்மெட் போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அதைச் சொல்ல போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. நான் கேட்பது வேறு. வண்டியை நிறுத்திய பிறகு அந்த ஹெல்மெட்டை எங்கே வைப்பது?

சின்னக் கேள்விதான். ஆனால் பலர் ஹெல்மெட்டை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வெறுந்தலையோடு கிளம்புவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். வேர்க்கிறது, முடி கொட்டுகிறது என்று வாயால் சொல்வார்கள். மனதுக்குள் ஓடுவது வேறு. "அதைக் கையில் தூக்கிக்கொண்டு யார் அலைவது? வண்டியில் விட்டால் திரும்பி வரும்போது இருக்குமா?"

எங்கள் தெருவில் ஒரு தம்பி. ஒழுங்காக ஹெல்மெட் போடுகிற பிள்ளை. ஒரு நாள் பேங்க் வாசலில் கண்ணாடியில் மாட்டிவிட்டு உள்ளே போனான். பாஸ்புக் பதிந்துவிட்டு வருவதற்குள் காணோம். "அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் வாங்கிக்கிறேன் டீச்சர்" என்றான். அந்த மாதம் முடிவதற்குள் பைபாஸில் ஒரு நாய் குறுக்கே வந்துவிட்டது. உயிர் பிழைத்தான். ஆனால் இன்று தன் மகளின் பெயரைச் சொல்ல அவனுக்குச் சற்று நேரம் பிடிக்கிறது. திருடியவனுக்கு அந்த ஹெல்மெட்டில் என்ன கிடைத்திருக்கும்? நூறோ, இருநூறோ.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஹெல்மெட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். ஓட்டியவர்கள் 35,692 பேர், பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் 14,337 பேர். இத்தனை பேரிடமும் ஹெல்மெட் இல்லாமலா இருந்திருக்கும்? எத்தனை ஹெல்மெட் அன்று வீட்டில் பத்திரமாக இருந்ததோ!

திருட்டுப் பயம் இன்னொரு கெடுதலும் செய்கிறது. "தொலைந்தால் போகட்டும்" என்று சாலையோரத்தில் கிடைக்கும் மலிவான தொப்பியை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்ற ஆணை 2021 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் சாலையோரக் கடை நடக்கிறது. காரணம், நல்ல ஹெல்மெட்டை வெளியில் வைத்துவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். கோயிலுக்குப் போனால் செருப்புக்கு டோக்கன் உண்டு. 2022 டிசம்பரில் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதும், பெரிய கோயில்களில் செல்போனுக்கும் கவுண்டர் வந்துவிட்டது. ஹெல்மெட்டுக்கு? கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேருக்குப் பந்தி போட முடிகிறது. முந்நூறு பைக் நிற்கும் அந்த வாசலில் ஹெல்மெட் வைக்க ஒரு பலகை கிடையாது. ஜவுளிக்கடையில் நம் கட்டைப்பையை வாங்கி வைத்து எண் வில்லை கொடுக்கிறார்கள். ஹெல்மெட்டை நீட்டினால், "அதை வண்டியிலேயே வச்சிருங்கம்மா" என்கிறார்கள்.

2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 அக்டோபரில் அபராதம் நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாயானது. இரண்டையும் நான் வரவேற்கிறேன். ஆனால் போடச் சொல்வது பாதி வேலைதான். கழற்றினால் வைக்க இடம் கொடுப்பது மீதி வேலை. அதைக் கோர்ட் வந்து செய்ய வேண்டாம், நாமே செய்யலாம்.

"கையில் எடுத்துக்கொண்டு போனால் என்ன?" என்று சிலர் கேட்பீர்கள். இடுப்பில் குழந்தை, ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் ரேஷன் கார்டு என்று நிற்கும் பெண்ணிடம் போய் இதைக் கேளுங்கள். இருபது வருடம் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போய் வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அவளுக்கு மூன்றாவது கை கிடையாது.

இடம் கிடைக்கும்வரை நாம் செய்ய வேண்டியவை சில. டீச்சர் அல்லவா, எண் போட்டுத்தான் சொல்வேன்.

1. கண்ணாடியில் மாட்டாதீர்கள். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. அது ஒரு தடவை நசுங்கினால் பழையபடி எழாது. கண்ணாடியின் முனை ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திக் குழி விழும். பக்கத்து வண்டிக்காரர் இடித்தால் கீழே விழுந்தும் போகும்.

2. உங்கள் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் ஓரத்தில் சின்னக் கொக்கி இருக்கும். ஹெல்மெட் வாரின் இரும்பு வளையத்தை அதில் மாட்டி சீட்டை மூடினால் பூட்டியாயிற்று. சில பைக்குகளில் சீட்டுக்குக் கீழே பக்கவாட்டில் சாவி போட்டுத் திறக்கும் கொக்கி உண்டு. வாங்கிப் பத்து வருடம் ஆகியும் இதைப் பார்க்காதவர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். ஒன்று, அப்படித் தொங்கவிட்டபடியே வண்டியை ஓட்டக் கூடாது. சக்கரத்திலும் சைலன்ஸரிலும் உரசும்.

3. வாரைப் பிளேடால் அறுத்துவிடலாம். அதனால் முகம் மூடும் ஹெல்மெட் என்றால், எண் பூட்டு உள்ள கம்பிக் கேபிளை முகத் திறப்பு வழியாக விட்டுத் தாடைப் பகுதியைச் சுற்றி வண்டியோடு சேர்த்துப் பூட்டுங்கள். பெரிய செலவில்லை.

4. டிக்கியில் ஹெல்மெட்டோடு பெட்ரோல் பாட்டில் வைக்காதீர்கள். பெட்ரோலில் தெர்மாகோலைப் போட்டால் என்ன ஆகும் என்று என் வகுப்பில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். சுருங்கிக் கரைந்துவிடும். உச்சி வெயிலில் மணிக்கணக்காகக் காய விடுவதும் நல்லதல்ல.

5. கொடைக்கானல், ராமேஸ்வரம் என்று நெடுந்தூரம் போகும் பிள்ளைகள் இரவில் ஹெல்மெட்டை அறைக்குள் கொண்டுபோய்விடுங்கள். டீ குடிக்க நிறுத்தும்போது சீட்டின்மேல் வைக்காமல் மேஜைக்கு எடுத்துப் போங்கள். மழை நேரத்தில் வாய் மேலே பார்க்க வைத்தால் கிண்ணம்போல் தண்ணீர் தேங்கும். கவிழ்த்து வைத்து ஒரு பிளாஸ்டிக் பையைப் போடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என்னிடம் படித்தவர்களில் இன்று கடை வைத்திருப்பவர்கள் உண்டு, மண்டபம் நடத்துபவர்கள் உண்டு, கோயில் கமிட்டியில், பேங்கில், ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் உண்டு. ஒரு மரப்பலகை, இருபது கொக்கி, இருபது எண் வில்லை. இவ்வளவுதான் கேட்கிறேன். வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன் பார்த்துக்கொள்வார். வேண்டுமானால் இரண்டு ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள், மக்கள் தருவார்கள். வைக்க இடம் உண்டு என்று தெரிந்தால் போட்டுக்கொண்டு வருவார்கள். போட்டுக்கொண்டு வருபவர் வீடு போய்ச் சேருவார்.

முதலில் பலகை அடிக்கும் பிள்ளை யாரென்று கமெண்ட்டில் சொல்லுங்கள். படம் போட்டால் இன்னும் சந்தோஷம். உள்ளூராக இருந்தால் நேரில் வந்து முதல் டோக்கனை நானே வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்