வால்வுப் பெட்டிக்கு ஏற்ற மின்சாரம்

பதுளையை அடுத்த தோட்டமொன்றிலிருந்து வந்து நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர், சென்ற மாதம் பழைய பெட்டியொன்றைச் சுமந்து வந்தார். அவருடைய பாட்டனார் காலத்தில் மாரியம்மன் திருவிழாவில் முழங்கிய வால்வு ஒலிபெருக்கி அது. வால்வுகள் பழுதின்றி இருந்தன. மின்மாற்றியோ கருகிக் கிடந்தது. "சேர், இதற்கு எதை வாங்குவது?" என்றார். விடை பிறருக்கும் பயன்படுமாதலின் இங்கே எழுதுகிறோம்.

வால்வு இருவகை மின்சாரத்தை வேண்டுவது. உள்ளிழையைச் சூடேற்றச் சிறிய அழுத்தம் ஒன்று; ஒலியைப் பெருக்க உயர்ந்த அழுத்தமுள்ள நேரோட்டம் மற்றொன்று. மின்கம்பி எட்டாத ஊர்களில் அந்நாளைய வானொலிப் பெட்டிகள் 1.5 வோல்ற்று, 90 வோல்ற்று என இரண்டு பற்றரிகளால் இயங்கியது இதனாலேயே. பல வால்வுகளுக்குரிய 6.3 வோல்ற்று என்னும் விசித்திர அளவும் மோட்டார் வண்டிப் பற்றரி தந்ததே. கலமொன்றுக்கு 2.1 வோல்ற்று, மூன்று கலங்கள். பெருக்கிப் பாருங்கள்!

மாணவரின் பெட்டியில் ஈ.எல். 84 இரண்டும் ஈ.சி.சி. 83 இரண்டும் இருந்தன. முன்னதன் இழைக்கு 0.76 அம்பியர், பின்னதற்கு 0.3. ஆக மொத்தம் 2.12. எனவே 3 அம்பியர் தரும் சுற்றைத் தேர்ந்தோம். சீராக்கி வால்வான ஈ.இஸட். 81இன் இழைக்கு 1 அம்பியர் தரும் தனிச் சுற்று. உயர் அழுத்தப் பக்கத்தில் 300 வோல்ற்றில் 100 மில்லி அம்பியர் போதும். 150 தாங்குவதை வாங்கினோம். மிச்சம் வைத்தால் மின்மாற்றி சூடேறாது. அதன் உள்ளீடு நம் நாட்டு 230 வோல்ற்றுக்கு உரியதா என்பதையும் பார்த்தே வாங்கவேண்டும். அமெரிக்கப் பெட்டியின் 120 வோல்ற்று மின்மாற்றியை இங்கே நேரே இணைத்தால் கருகிவிடும்.

செக்கனுக்கு 50 தடவை ஆடும் மின்னோட்டம், சீராக்கியைக் கடந்தபின் 100 தடவை துடிக்கும். அத்துடிப்பே காதில் இரைச்சலாகக் கேட்பது. சோக்குச் சுருளும் கண்டென்சரும் அதனை அடக்குகின்றன.

வால்வுகளைச் செருகுமுன் மின்வழங்கும் பகுதியை மட்டும் சோதித்தோம். ஆளியை நிறுத்தியதும் மாணவர் உள்ளே விரலை நீட்டினார். சட்டென்று அவர் கையைப் பற்றிக்கொண்டோம். மீற்றரை வைத்துக் காட்டியபோது முள் முந்நூறைக் கடந்து நின்றது! கண்டென்சர் தேக்கிய மின்சாரம் அது, உயிரையே பறிக்கவல்லது. அதற்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாற்றுத் தடையொன்றைப் பொருத்தினோம். இப்பொழுது ஓரிரு நிமிடத்தில் மின்சாரம் வடிந்துவிடுகிறது. ஆயினும் மீற்றரால் பாராது எவரும் கைவைக்கலாகாது.

மின்மாற்றிக்குப் பணம் செலவாயிற்று. தடைக்கோ சில ரூபாயே. எதனை மறந்தாலும் அந்தத் தடையை மறவாதிருங்கள்.